சீனாவின் தெற்கே இருந்தவர்கள் யார்? சூ, வூ, யுவே, நான்யுவே பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: பழங்காலச் சீனாவின் தெற்கில் சூ, வூ, யுவே, நான்யுவே என்று பல நாடுகள் இருந்ததாகப் படிக்கிறோம். இவர்களும் சீனர்கள்தானா, வேறு இனமா? வேறு இனம் என்றால் எங்கே போனார்கள்?

பதில்: சுருக்கமாகச் சொன்னால், மக்கள் பெரும்பாலும் வேறு. ஆண்டவர்களில் சிலர் வடக்கத்தியர், சிலர் உள்ளூர்க்காரர்கள். எழுதி வைத்தவர்களோ ஏறக்குறைய எல்லாருமே வடக்கத்திய அரசவைகளைச் சேர்ந்தவர்கள். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிட்டுப் படித்தால் எல்லாமே குழம்பும். 'தெற்கத்திக் காட்டுமிராண்டி' என்பது பிறப்பில் வந்த அடையாளமாக அந்தக் காலத்தில் இருக்கவில்லை. யார் யாருக்குக் கப்பம் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒருவர் மேல் ஒட்டப்பட்டது, வேண்டாதபோது எடுக்கப்பட்டது. சில மன்னர்கள் தாங்களாகவே அதை ஒட்டிக்கொண்டார்கள்.

கி.மு. 1000 வாக்கில் ஜோவ் அரசகுலத்தின் கீழிருந்த 'நடு நாடுகள்' மஞ்சள் ஆற்றுப் படுகையில்தான் இருந்தன. தினையும் பனிவரகும் விளையும் மண் அது. தெற்கே யாங்ட்சி ஆறு; அங்கிருந்து ஏரி, சதுப்பு, நெல் வயல், ஓடம். இன்றைய குவாங்சோ, ஃபூஜியன், யூனான் எல்லாம் அந்த வடக்கத்திய உலகத்துக்கு முழுக்க வெளியே இருந்தவை. அதனால் தெற்கு பின்தங்கிக் கிடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஹாங்சோவுக்கு அருகே லியாங்ஜூவில் ஜோவ் குலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே பெரிய மண் அணைகள் கட்டி நீரைத் திருப்பி நெல் விளைவித்திருக்கிறார்கள்.

வடக்கத்திய ஏடுகள் இந்தத் தெற்கத்தியரை 'மான்' என்றன (நம் புள்ளிமான் இல்லை). பிற்பாடு கடலோரத்தாருக்கு 'நூறு யுவே' என்று பெயர் வந்தது. நூறு என்பதைக் கணக்காக எடுக்கக் கூடாது. பலப்பல கூட்டங்கள் என்றுதான் பொருள்.

சூ நாட்டிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய ஹூபேயை மையமாகக் கொண்ட நாடு. அதன் தலைவன் சியோங் தோங் கி.மு. 706-இல் பக்கத்திலிருந்த சுய் என்ற சிறு நாட்டின் மேல் படையெடுத்தான். சுய் ஆட்சியாளர்கள் ஜோவ் மன்னரின் சொந்தக்காரர்கள். "நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லையே" என்றார்கள். அவன் சொன்ன பதிலைப் பிற்கால வரலாற்றாசிரியர் சீமா சியன் எழுதி வைத்திருக்கிறார். நான் ஒரு மான் இனத்தான், நடு நாடுகளில் எல்லாரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள், என்னிடமும் கொஞ்சம் பழைய கவசங்கள் இருக்கின்றன, ஜோவ் மன்னரிடம் சொல்லி என் பட்டத்தை உயர்த்தித் தரச் சொல்லுங்கள் என்கிற தோரணையில் போகிறது அந்தப் பதில். மன்னர் மறுத்தார். கி.மு. 704-இல் இவனே தன்னை மன்னன் என்று அறிவித்துக்கொண்டான். 'காட்டுமிராண்டி' என்று வைதவர்களிடமே, "ஆமாம், நான் காட்டுமிராண்டிதான், உங்கள் சட்டம் என்னைக் கட்டாது" என்று சொல்லும் சாமர்த்தியம் இது.

நூறு வருஷம் கழித்து, கி.மு. 606-இல், அதே சூ நாட்டின் ஜுவாங் மன்னர் ஜோவ் தலைநகரின் எல்லையில் படையை நிறுத்திவிட்டு, அரசுரிமைச் சின்னமான வெண்கலக் கொப்பரைகள் எவ்வளவு எடை இருக்கும் என்று சாவகாசமாக விசாரித்தார். எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பதுதான் அது. கனம் அறத்தில் இருக்கிறது, கொப்பரையில் இல்லை என்று ஜோவ் தூதர் சமாளித்து அனுப்பினார்.

சூவைப் பின்வாசல் வழியாக அடக்க ஜின் என்ற வடக்கத்திய நாடு கண்டுபிடித்த வழி இன்னும் சுவாரஸ்யமானது. சூவிலிருந்து ஜின்னுக்கு ஓடிப்போன வூசென் என்ற பிரபுவின் சுற்றத்தாரைச் சூவில் கொன்றுவிட்டார்கள். பழிவாங்கும் வெறியோடு அவர் கி.மு. 584-இல் யாங்ட்சியின் கழிமுகத்தில் இருந்த வூ நாட்டுக்குப் போய் அம்பு எய்யவும், தேர் ஓட்டவும், அணிவகுக்கவும் சொல்லிக்கொடுத்தார். மகனையும் அங்கேயே தூதராக விட்டுவிட்டு வந்தார். அதுவரை ஓடத்தில் போர் செய்தவர்கள் வூ மக்கள். 78 ஆண்டுகளில் அந்தப் பயிற்சி பலித்தது. கி.மு. 506-இல் வூ படை சூவின் தலைநகரான யிங்குக்குள் புகுந்தது. சூ மன்னன் தப்பியோடி அதே சுய் நாட்டில் ஒளிந்தான். சூ சும்மா இருக்குமா? வூவுக்குத் தெற்கே, இன்றைய ஷாவ்சிங்கை மையமாகக் கொண்டிருந்த யுவேயோடு நெருங்கியது. தூரத்துக்காரனைத் தூக்கிவிட்டுப் பக்கத்துக்காரனை அடிப்பது என்ற ஒரே கணக்குதான் தெற்கில் நாடு நாடாக உருவாக்கியது.

வூ, யுவே சண்டையின் கதை சீனாவில் குழந்தைக்கும் தெரியும். கி.மு. 496-இல் வூ மன்னன் ஹெலூ யுவேயோடு நடந்த போரில் பட்ட காயத்தால் இறந்தான். 494-இல் அவன் மகன் ஃபூசாய் யுவே மன்னன் கௌஜியனைத் தோற்கடித்தான். கௌஜியன் உயிர் பிழைத்து, பித்தப்பையைத் தொங்கவிட்டு, சாப்பிடும்போதெல்லாம் அதை நக்கி அவமானத்தை மறக்காமல் வைத்துக்கொண்டான். 482-இல் ஃபூசாய் வடக்கே போய்ப் பெரிய மன்னர்களோடு முதலிடத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து யுவே உள்ளே நுழைந்தது. 473-இல் வூ என்ற நாடே இல்லாமல் போனது. பிறகு யுவேயைச் சூ விழுங்கியது, சூவை 223-இல் சின் என்ற நாடு (மேலே வந்த ஜின் வேறு) விழுங்கியது.

கௌஜியனின் வாள் 1965-இல் கிடைத்தது. அது கிடைத்த இடம் யுவே இல்லை, ஹூபேயில் ஒரு சூ பிரபுவின் கல்லறை. நீளம் 55.7 சென்டிமீட்டர். வாள்முகம் முழுக்க வைரக்கட்டம் போல் கரும்படிவம். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்குப் பிறகும் கூர்மை போகவில்லை. பறவை உருவம் கலந்த எட்டு எழுத்துகளில், யுவே மன்னன் தனக்காகத் தானே செய்துகொண்டது என்று பொறித்திருக்கிறது. எப்படி அங்கே போனது என்பதில் இரண்டு கட்சி. கௌஜியனின் மகள் சூ மன்னனுக்கு வாழ்க்கைப்பட்டாள், சீதனமாக வந்தது என்பது ஒன்று. யுவே வீழ்ந்தபோது கொள்ளையடித்தது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் இயல்பாகப் படுகிறது.

சரி, இந்த மன்னர்கள் எந்த இனம்? இங்கேதான் ஏடுகளை ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். வூ அரசகுலத்தின் மூலவர் ஜோவ் இளவரசர் தாய்போ. தம்பிக்கு வழிவிட்டுத் தெற்கே போய், முடியை வெட்டிப் பச்சை குத்திக்கொண்டு உள்ளூர்க்காரராகிவிட்டார் என்பார்கள். யுவே குலம் வடக்கத்திய மாமன்னர் யூவின் வழி என்பார்கள். யூனானில் இருந்த தியன் நாட்டு அரசகுலத்தை நிறுவியவர் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றுபோன சூ படைத்தலைவர் ஜுவாங் சியாவ் என்பார்கள்; அவரும் உடையை மாற்றி உள்ளூர் வழக்கத்துக்கு வந்துவிட்டாராம். எங்கே ஒரு தெற்கத்திய நாடு பலமாக எழுந்தாலும் அதன் தலையில் வழிதவறி வந்த ஒரு வடக்கத்தியரை உட்கார வைத்துவிடுவது வழக்கம். அந்த மன்னர்களுக்கும் அது வசதிதான், பெரிய சபையில் நாற்காலி கிடைக்கும். இந்தக் கொடிவழிகளை நான் அப்படியே நம்புவதில்லை.

சாதாரண ஜனங்கள் கண்ணில் படுவது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். சோங் நாட்டு வியாபாரி ஒருவன் சடங்குத் தொப்பிகளை யுவேக்கு விற்கக் கொண்டுபோனான், அங்கே எல்லாரும் முடியைக் கத்தரித்து உடம்பில் பச்சை குத்தியவர்கள், தொப்பி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்று ஜுவாங்சி என்ற பழைய தத்துவ நூலில் ஒரு வரி வருகிறது. இன்னொன்று யுவே ஓடக்காரர் பாடிய பாட்டு. சூ இளவரசர் ஒருவர் படகில் உல்லாசமாகப் போனபோது ஓடக்காரர் தன் மொழியில் பாடினார். இளவரசருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆளை வைத்து மொழிபெயர்க்கச் சொன்னார். மலையில் மரம் உண்டு, மரத்தில் கிளை உண்டு, என் மனம் உன்னை விரும்புவது உனக்குத் தெரியவில்லை என்று முடிகிற காதல் பாட்டு அது. கி.மு. முதல் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நூல், அந்த மூல ஒலிகளையும் சீன எழுத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறது. இன்றைய ஜுவாங், தாய் மொழிகளின் குடும்பத்தோடு ஒப்பிட்டு அதை வாசிக்க அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். சூவும் யுவேயும் வடக்கத்தியருக்கு ஒரே தெற்கத்திக் கூட்டம். அவர்களுக்குள்ளோ ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை.

அப்புறம் சின் வந்தது. முதல் பேரரசர் ஆறு நாடுகளை முடித்த கையோடு தெற்கே மலைத்தொடருக்கு அப்பால், இன்றைய குவாங்துங், குவாங்ஷி மேல் படையை ஏவினார். காண்டாமிருகக் கொம்பு, யானைத்தந்தம், மீன்கொத்தி இறகு, முத்து, இவற்றுக்கு ஆசைப்பட்டுத்தான் என்று, சின்னுக்குப் பிறகு வந்த ஹான் பேரரசின் காலத்து ஹுவாய்நான்சி நூல் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. ஐந்து லட்சம் வீரர்கள் என்ற கணக்கு ஊதிப் பெரிதாக்கியதாக இருக்கலாம். ஆனால் அதே நூல் தரும் போரின் காட்சி நம்பும்படி இருக்கிறது. மேற்கு ஓ என்ற யுவே கூட்டத்தின் தலைவனைச் சின் படை கொன்றுவிட்டது. மக்கள் சரணடையவில்லை. காட்டுக்குள் போய் விலங்குகளோடு இருந்தார்கள், தங்களுக்குள் வல்லவர்களைத் தலைவர்களாக வைத்துக்கொண்டார்கள், இரவில் வந்து தாக்கினார்கள். சின் தளபதி து சூய் செத்தார். மூன்று வருஷம் படைவீரர்கள் கவசத்தைக் கழற்றவில்லையாம்.

இந்தப் படைக்கு அரிசி கொண்டுபோக வெட்டியதுதான் லிங்சூ கால்வாய். யாங்ட்சிக்கு ஓடும் சியாங் ஆற்றையும் தெற்கே ஓடும் லீ ஆற்றையும் இணைக்கிறது. சுமார் 36 கிலோமீட்டர், இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. கி.மு. 214-இல் மூன்று மாவட்டங்கள் அமைத்துக் குடியேற்றம் தொடங்கியது. யாரை அனுப்பினார்கள் தெரியுமா? தலைமறைவானவர்கள், வியாபாரிகள், வீட்டோடு மாப்பிள்ளைகள். மாமனார் வீட்டில் இருப்பதற்கு நாடு கடத்தும் தண்டனை! படைவீரர்களின் துணி தைக்க மணமாகாத பெண்கள் 30,000 பேர் வேண்டும் என்று அங்கிருந்து ஒரு அதிகாரி எழுதிக் கேட்டதாகவும், பேரரசர் 15,000 பேரை அனுமதித்ததாகவும் சீமா சியன் நூலில் வருகிறது.

அப்படிக் கேட்டதாகச் சொல்லப்படும் அதிகாரி ஜாவ் துவோ. இன்றைய ஹெபேயில், பக்கா வடக்கில், பிறந்தவர். சின் பேரரசு கவிழ்ந்ததும் மலைக்கணவாய்களை அடைத்துவிட்டு, பான்யூவை (இன்றைய குவாங்சோ) தலைநகராக்கி, கி.மு. 204-இல் நான்யுவே மன்னர் ஆனார். 196-இல் ஹான் பேரரசரின் தூதர் லூ ஜியா வந்தபோது, தலைமுடியை யுவே பாணியில் கொண்டையாக முடிந்து, காலை விரித்து உட்கார்ந்தபடி வரவேற்றார். வடக்கத்திய மரியாதைக்கு இது எதிர்மாறு. உன் முன்னோர் கல்லறைகள் எங்கள் கையில் இருக்கின்றன என்று தூதர் நினைவூட்டியதும் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். காட்டுமிராண்டிகளோடு நெடுநாள் இருந்து மரியாதை மறந்துவிட்டது என்றார். அடுத்த மூச்சிலேயே, நான் பெரியவனா உங்கள் பேரரசர் பெரியவரா என்று கேட்கவும் செய்தார்!

பிறகு ஹான் ஆட்சியை நடத்திய லூ அரசி இரும்புக் கருவிகள் தெற்கே போகக் கூடாது என்று தடை போட்டார். இரும்புக் கொழு இல்லாமல் உழவு இல்லை. துவோ தன்னைப் பேரரசர் என்று அறிவித்துப் பக்கத்து சாங்ஷா மேல் படையெடுத்தார். 180-இல் அரியணைக்கு வந்த ஹான் பேரரசர் வென் சண்டைக்குப் போகாமல் துவோவின் முன்னோர் கல்லறைகளைப் பழுதுபார்த்து, காவல் போட்டு, பணிவான கடிதத்தோடு அதே கிழ லூ ஜியாவை மறுபடி அனுப்பினார். துவோ எழுதிய பதில் 'காட்டுமிராண்டிகளின் பெருந்தலைவனாகிய இந்தக் கிழவன், அடியேன் துவோ' என்று தொடங்குகிறது. பேரன்களைத் தூக்கிக் கொஞ்சும் வயதாகியும் ஹான் அரசுக்குச் சேவை செய்ய முடியாததால் சாப்பாடு ருசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று உருகுகிறார். கூடவே ஒரு ஜோடி வெள்ளை ஜேட் வட்டு, ஆயிரம் மீன்கொத்தி இறகு, பத்துக் காண்டாமிருகக் கொம்பு, உயிரோடு நாற்பது ஜோடி மீன்கொத்தி, இரண்டு ஜோடி மயில். வெறும் பட்டத்தைத் தூக்கி வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டேன், நிறுத்திவிடுகிறேன் என்றும் எழுதினார்.

நிறுத்தவில்லை. உள்நாட்டில் பேரரசர், ஹான் தூதர் முன்னால் மன்னர் என்று இரண்டையும் ஓட்டினார் என்று சீமா சியனே சொல்கிறார். அதற்குக் கைச்சான்று 1983-இல் கிடைத்தது. குவாங்சோ நகருக்குள் கட்டட வேலைக்குக் குன்றை வெட்டியபோது அவருடைய பேரன் ஜாவ் மோவின் கல்லறை திறந்தது. 2,291 ஜேட் துண்டுகளைப் பட்டு நூலால் கோத்த உடையில் மன்னர் கிடந்தார். பக்கத்தில் தங்க முத்திரை. உள்ளங்கையில் அடங்கிவிடும் 3.1 சென்டிமீட்டர் சதுரம், மேலே சுருண்ட டிராகன், அடியில் பேரரசர் வென்னின் முத்திரை என்ற நான்கு எழுத்து (ஹான் பேரரசர் வென் வேறு, இவரும் அதே பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர்). அதே கல்லறையில் யுவே வெண்கலத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் இறகுக் கிரீடம் வைத்த வீரர்கள், கைதிகள், வெட்டிய தலைகள் நிறைந்த படகுகள். பாரசீகப் பாணி வெள்ளிப் பெட்டி, குந்திரிக்கம், யானைத்தந்தங்கள். கூடவே பலியிடப்பட்ட பதினைந்து மனிதர்கள். ஒரு கலப்பு அரசவை எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நான்யுவேயின் கதையை முடிக்க வழி காட்டியது ஒரு குழம்புச் சட்னி என்று சொன்னால் சிரிப்பீர்கள். கி.மு. 135-இல் ஹான் அதிகாரி தாங் மெங் பான்யூவில் விருந்து சாப்பிட்டபோது 'ஜூ' என்ற காயில் செய்த சாந்து பரிமாறப்பட்டது. வெற்றிலைக்கொடி இனத்தது என்று பலர் கருதுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். வடமேற்கிலிருந்து ஆற்று வழியாக என்றார்கள். ஹான் தலைநகர் சாங்ஆனுக்குத் திரும்பி வியாபாரிகளை விசாரித்ததில், ஷூ பகுதியில் (இன்றைய சிச்சுவான்) மட்டும்தான் அது செய்கிறார்கள், திருட்டுத்தனமாக யெலாங் நாட்டுக்கு விற்கிறார்கள், யெலாங்கின் ஆறு பான்யூ வரை ஓடுகிறது என்று தெரிந்தது. சாந்து போகிற வழியில் படையும் போகும்! யெலாங், தியன் நாடுகள் மேல் ஹான் கண் பட்டது இப்படித்தான். தியன் மன்னர் தூதர்களிடம் ஹான் பெரிதா நாங்கள் பெரிதா என்று அப்பாவியாகக் கேட்டார். யெலாங் மன்னரும் அப்படியே. முதலில் கேட்டவர் தியன்காரர், சீனப் பழமொழியில் இன்றுவரை கேலிக்கு ஆளாவது யெலாங். தியன் கி.மு. 109-இல் பணிந்து தங்க முத்திரை வாங்கிக்கொண்டது. அந்த முத்திரையும் 1956-இல் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டது.

நான்யுவேயை உள்ளிருந்து உடைத்தது கல்யாணச் சம்பந்தம். சிறுவயது மன்னரின் தாய் வடக்கத்தியப் பெண். ஹான் பேரரசோடு இணைந்துவிட நினைத்தார். முதலமைச்சர் லியூ ஜியா (தூதர் லூ ஜியா வேறு) உள்ளூர்ப் பலம் உள்ளவர். மூன்று மன்னர்களுக்கு அமைச்சர், சொந்தக்காரர்கள் எழுபதுக்கு மேற்பட்டோர் பதவியில். அரசி நம்மைச் சாங்ஆனில் அடிமைகளாக விற்றுவிடுவார் என்று மக்களிடம் சொல்லி, கி.மு. 112-இல் அரசியையும் மன்னரையும் தூதர்களையும் கொன்றார். மறு ஆண்டு ஹான் படைகள் பான்யூவைக் கொளுத்தின. லியூ ஜியாவின் தலை கிடைத்த செய்தி பயணத்தில் இருந்த ஹான் பேரரசர் வூவுக்கு எட்டிய இடத்துக்கு 'ஜியா கிடைத்தான்' என்றே பெயர் வைத்தார். ஹெனானில் அந்த வட்டம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

இந்த வெற்றியில் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. நான்யுவேயின் துறைமுகங்கள் கைக்கு வந்த பிறகுதான் ஹான் அரசவை ஆட்கள் தங்கமும் பட்டும் எடுத்துக்கொண்டு முத்தும் கண்ணாடியும் வாங்க மேற்கே கடலில் போனார்கள். அவர்கள் போனதாக ஹான் வரலாறு குறிக்கும் 'ஹுவாங்ஜீ' காஞ்சிபுரம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை.

ஃபூஜியனில் இருந்த மின்யுவேக்கு இன்னும் கடுமையான முடிவு. கி.மு. 110-இல் வென்ற பிறகு, இடுக்கு மலைநாடு, அடிக்கடி குணம் மாறும் மக்கள் என்று சொல்லி, எல்லாரையும் யாங்ட்சிக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் நடுவே குடிபெயர்க்கப் பேரரசர் ஆணையிட்டார். நிலம் காலியாகிவிட்டது என்று ஏடு சொல்கிறது. ஆனால் முந்நூறு வருஷத்துக்கு அப்புறம் அதே மலைப்பக்கங்களில் 'மலை யுவே' என்ற மக்கள் திடீரென்று ஏடுகளில் முளைக்கிறார்கள். காலியாகவில்லை, மேலே ஏறிவிட்டார்கள். கி.பி. 234-இல் மூன்று அரசுகள் காலத்து வூ அரசின் (பழைய வூ நாடு வேறு) அதிகாரி ஜுகே கே மலை இடுக்குகளை அடைத்து, சண்டை போடாமல் காத்திருந்து, கதிர் முற்றும் நேரத்தில் படையை விட்டு அறுத்துக்கொண்டு போனார். பசியில் இறங்கி வந்தவர்களிலிருந்து நாற்பதாயிரம் பேரைப் படையில் சேர்ப்பதாகச் சொன்னதைச் செய்தும் காட்டினார். எதிரி நாட்டோடு சண்டை போடக் காட்டுக்காரனைப் பிடித்து வீரனாக்குவது. வூசென் காலத்திலிருந்து கணக்கு மாறவில்லை.

எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலானோர் எங்கும் போகவில்லை. சில தலைமுறைகளில் சீன மொழி பேசி வரி கட்டும் குடியானவர்களாகி, ஏடுகளில் தனியாகத் தெரியாமல் போனார்கள். தனி மொழியோடு நின்றவர்களும் உண்டு. குவாங்ஷியின் ஜுவாங் மக்கள் இன்று ஏறக்குறைய 2 கோடி, சீனச் சிறுபான்மையினரில் மிகப் பெரிய கூட்டம். ஹைனான் தீவின் லீ, யூனானின் தாய் மக்களையும் பழைய யுவேக்களோடு தொடர்புபடுத்துவது வழக்கம். யுவே எல்லாரும் ஒரே கூட்டமாக இருந்ததில்லை என்பதால் நேர்கோடு போட முடியாது.

நான்யுவேயின் தென்கோடி வியட்நாமில் இருந்தது. அங்கே கி.பி. 40-இல் டிரங் சகோதரிகள் ஹான் ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். 43-இல் அடக்கிய மா யுவான் அவர்களின் வெண்கல முரசுகளை உருக்கிக் குதிரைச் சிலை வார்த்தார். ஜாவ் துவோ தங்கள் மன்னரா, படையெடுத்து வந்த அந்நியரா என்பதில் வியட்நாம் வரலாற்றாசிரியர்களிடையே நூற்றாண்டுக் கணக்கில் சண்டை. 15-ஆம் நூற்றாண்டின் கோ சி லியென் அவரை நாட்டின் மன்னர் வரிசையில் வைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் கோ தி சி தூக்கி எறிந்தார். 1802-இல் நாட்டை ஒன்றாக்கிய கியா லோங் மன்னர் அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசவையிடம் 'நாம் வியட்' என்ற பெயரைக் கேட்டார். அது நான்யுவேதான், வியட்நாமிய உச்சரிப்பில். பழைய நான்யுவேயில் குவாங்துங்கும் குவாங்ஷியும் அடங்கியிருந்தன என்பது பெய்ஜிங்குக்கு நன்றாக நினைவிருந்தது. சொற்களை முன்பின்னாக மாற்றி, 1804-இல் 'வியட் நாம்' என்று கொடுத்தார்கள்.